இரண்டு பேருக்கு ஒரு சீட்

ஓசூருக்கு விமானம் வரப்போகிறது. 2024 ஜூன் 27 அன்று சட்டமன்றத்தில் 110ஆவது விதியின் கீழ் முதலமைச்சர் சொல்லிவிட்டார்: 2,000 ஏக்கரில் பன்னாட்டு விமான நிலையம், ஆண்டுக்கு 3 கோடிப் பயணிகள். அன்று சாயங்காலமே முதல் தொகுதிப் பயணிகள் வந்து இறங்கிவிட்டார்கள். கையில் வில்லங்கச் சான்றிதழ் வைத்திருந்த அந்தக் கூட்டத்துக்கு ஓடுபாதை தேவைப்படவில்லை. ராகி வயலிலேயே இறங்கினார்கள். இன்றைக்குச் சூளகிரிப் பக்கம் போனால் மனைப்பிரிவு விளம்பரப் பலகைகளில் விமானம் மூக்கைத் தூக்கிக்கொண்டு நிற்கிறது. உள்ளே பைலட் இருக்கிறாரா என்று உற்றுப் பார்த்தேன். இல்லை. எங்களுக்கு விமானம் மட்டும் போதும்.

பயணிகள் விமானத்தோடு நின்றிருந்தால் எனக்கு இங்கே வேலையில்லை. 2018 பட்ஜெட்டில் அறிவித்து, 2019 ஜனவரி 20 அன்று திருச்சியில் நிர்மலா சீதாராமன் தொடங்கிவைத்த பாதுகாப்புத் தொழில் வழித்தடத்தில் சென்னை, கோவை, சேலம், திருச்சியோடு ஓசூரும் ஒரு முனை. லாரி செய்தோம், ஸ்கூட்டர் செய்தோம், கைக்கடிகாரம் செய்தோம். இனிமேல் போர் விமானத்துக்குத் திருகாணியும் செய்வோம். போர் எங்களுக்குப் புது வாடிக்கையாளரும் அல்ல. கிழக்கிந்தியக் கம்பெனிப் படைக்குக் குதிரை வளர்க்க 1824இல் மத்திகிரியில் பண்ணை வைத்தார்கள். சண்டைக்குச் சப்ளை செய்வதில் இருநூறு வருட அனுபவம் உள்ள ஊர் இது.

அந்த அனுபவத்தின் பேரில், எந்த டெண்டரிலும் கேட்கப்படாத ஒரு பழைய பாகத்தைப் பற்றி விசாரிக்கிறேன். அது ஒரு சீட்.

இந்தியா 1957இல் பிரிட்டனிடமிருந்து கான்பெரா என்ற குண்டுவீச்சு விமானத்தை வாங்கியது. முதல் ஆர்டரில் 68 விமானங்கள். அவற்றில் 54, பி(ஐ)58 என்கிற ரகம். இருவர் போகிற விமானம். ஓட்டுவதற்குப் பைலட், வழி பார்க்கவும் குண்டு போடவும் நேவிகேட்டர். பைலட் மேலே கண்ணாடிக் குமிழுக்குள் உட்காருவார். அவருக்கு எஜெக்‌ஷன் சீட் உண்டு: கைப்பிடியை இழுத்தால் ஆளையும் சீட்டையும் சேர்த்து ஆகாயத்தில் எறிந்துவிடும், பாராசூட் விரியும். நேவிகேட்டருக்கு இடம் கீழே. குண்டு போடுகிற நேரத்தில் விமானத்தின் மூக்குக்குள் குப்புறப் படுத்திருப்பார். அவருக்கு எஜெக்‌ஷன் சீட் கிடையாது. விமானம் பற்றிக்கொண்டால் அவர் எழுந்து வந்து, பாராசூட் மாட்டியிருக்கிறதா என்று பார்த்து, பக்கவாட்டுக் கதவைத் திறந்து குதிக்க வேண்டும். இருட்டில், எரிந்தபடி சுழன்று விழுகிற ஒரு தகரக் குழாய்க்குள் இதைச் செய்து பார்த்தவர்களில் பேட்டி கொடுக்கத் திரும்பியவர்கள் குறைவு.

இது ஒன்றும் ராணுவ ரகசியம் அல்ல. வரைந்தவருக்குத் தெரியும். விற்றவருக்குத் தெரியும். வாங்கிக் கையெழுத்துப் போட்டவருக்குத் தெரியும். ஒவ்வொரு தடவை ஏறும்போதும் பைலட்டுக்குத் தெரியும், நேவிகேட்டருக்கும் தெரியும். தெரியாமல் இருந்தவர்கள் நாம் மட்டும்தான். நாம் குடியரசு தின அணிவகுப்பில் கீழே நின்று கை தட்டிக்கொண்டிருந்தோம்.

1965 செப்டம்பர் 20. போரை நிறுத்து என்று ஐ.நா. பாதுகாப்பு அவை தீர்மானம் போட்டாயிற்று. 23ஆம் தேதி அதிகாலை 3.30க்குப் போர் நின்றது. இடையில் 21ஆம் தேதி இரவு, ஐந்தாம் ஸ்குவாட்ரன் கான்பெராக்கள் பாகிஸ்தானின் சர்கோதா விமானதளத்தின் மேல் குண்டு போடப் போயின. அவற்றில் ஒன்றைப் பாகிஸ்தானின் எஃப்-104 போர் விமானம் ஒன்று அடித்து வீழ்த்தியது. பைலட் பிளைட் லெப்டினன்ட் மன்மோகன் லோவ் எஜெக்ட் ஆனார், சிறைப்பட்டார், பிறகு ஊர் திரும்பினார். நேவிகேட்டர் பிளையிங் ஆபீசர் கபூர் அந்த விமானத்தோடு போனார். லோவ்மேல் ஒரு துளி பிழையும் இல்லை. அவர் கைப்பிடியை இழுக்காமல் இருந்திருந்தால் ஒருவருக்குப் பதில் இருவர் செத்திருப்பார்கள், அவ்வளவுதான். பிழை, ஒரே பிரயாணத்துக்கு இரண்டு விதமான டிக்கெட் கொடுத்து அனுப்பியவர்களுடையது.

மறுநாள் 22ஆம் தேதி இன்னொருவர் விழுந்தார். ஹன்டர் விமானம் ஓட்டிய கே.சி. கரியப்பா, நமக்குப் பக்கத்து மாநிலத்துக் குடகுக்காரர், இந்தியப் படையின் முதல் இந்தியத் தலைமைத் தளபதி கே.எம். கரியப்பாவின் மகன். பாகிஸ்தான் ஜனாதிபதி அயூப் கான் ஒரு காலத்தில் அந்தத் தளபதிக்குக் கீழே வேலை பார்த்தவர். மகனை மட்டும் விட்டுவிடலாமா என்று ஆள்விட்டுக் கேட்டார் என்றும், அங்கே இருக்கிற அத்தனை பேரும் என் பிள்ளைகள்தான் என்று தகப்பன் மறுத்துவிட்டார் என்றும் ஒரு கதை உண்டு. ஆகஸ்ட் 15க்கு ஆகஸ்ட் 15 வாட்ஸ்அப்பில் வரும். நல்ல கதை, பெரிய மனுஷன் பேசிய பேச்சு. எனக்கு அதில் குறையில்லை. அதில் ஜனாதிபதி இருக்கிறார், ஜெனரல் இருக்கிறார், வசனம் இருக்கிறது, படம் எடுக்கலாம். கபூர் கதையில் என்ன இருக்கிறது? ஒரு கதவு. கதவை வைத்து யார் படம் எடுப்பார்கள்? அத்தனை பேரும் என் பிள்ளைகள் என்று தளபதி சொன்னதைத்தான் வருஷா வருஷம் ஃபார்வர்டு செய்கிறோம். அந்த அத்தனை பேரில் இன்னொரு பெயர் சொல்லுங்கள் என்றால் போனைக் கீழே வைத்துவிடுகிறோம்.

இந்தப் பழக்கத்தை நாமாகக் கண்டுபிடித்ததாகவும் பெருமைப்பட முடியாது. இரண்டாம் உலகப் போரில் பிரிட்டனின் பாம்பர் கமாண்டில் 55,573 பேர் செத்தார்கள். ஜெர்மன் நகரங்களை எரிக்கச் சொன்ன தளபதி ஆர்தர் ஹாரிஸுக்கு 1992இல் லண்டனில் சிலை திறந்தார்கள். எரிக்கப் போய் எரிந்தவர்களுக்கு அதே லண்டனில் நினைவுமண்டபம் 2012இல் வந்தது. ஆணையிட்டவருக்கும் ஆணைப்படி செத்தவர்களுக்கும் நடுவே இருபது வருஷ வெயிட்டிங் லிஸ்ட்.

கான்பெராவுக்கு வருவோம். 1965இல் ஒரு சீட் குறைவதால் என்ன ஆகும் என்று தெரிந்துவிட்டது அல்லவா? 1971 டிசம்பரிலும் அதே விமானம்தான் போனது. லாயிட் மோசஸ் சசூன், ராம் மேதாராம் அத்வானி என்ற இருவர் போன கான்பெரா திரும்பவில்லை. காணாமல்போன 54 பேர் என்று பிற்பாடு நாடு பேசிய பட்டியலில் இவர்கள் மாதிரியான விமானப்படைக்காரர்கள் நிறைய. பாகிஸ்தான் சிறையில் இருக்கிறார்கள் என்று உறவினர்கள் நம்பினார்கள். எங்களிடம் யாரும் இல்லை என்றது பாகிஸ்தான். 1979இல் மக்களவையில் 40 பெயர் கொண்ட ஒரு பட்டியலை வெளியுறவு இணையமைச்சர் வைத்தார். 1983இல் ஒரு குடும்பக் குழு, 2007இல் இன்னொரு குடும்பக் குழு அங்கே போய்ச் சிறை சிறையாகப் பார்த்துவிட்டு வந்தன. பிளைட் லெப்டினன்ட் விஜய் வசந்த் தாம்பேயின் மனைவி தமயந்தி, தேசிய பாட்மிண்டன் சாம்பியனாக இருந்தவர், கல்யாணமாகி ஒன்றரை வருஷத்தில் காத்திருக்கத் தொடங்கினார். வாழ்நாள் முழுக்க அதுவே உத்தியோகம். 2015இல் உச்ச நீதிமன்றம் அரசைப் பார்த்துக் கேட்டது: அவர்கள் உயிரோடு இருக்கிறார்களா? அரசுத் தரப்பின் பதில், தெரியாது. செத்திருப்பார்கள் என்றே கருதுகிறோம் என்றும் சேர்த்துக்கொண்டார்கள். நாற்பத்து நான்கு வருஷம் கழித்து ஒரு அனுமானம். நம்மூர் ரேஷன் கடையில்கூட ஆள் உயிரோடு இருப்பதற்குக் கைரேகை கேட்கிறார்கள்.

நடுவில் ஒரு கணக்குக் கேள்வி. அதே கான்பெராவை விமானப்படை எப்போது கைவிட்டது? 2007 மே மாதம், ஆக்ராவில், விழா எடுத்து. ஐம்பது வருஷம் உழைத்த விமானத்துக்கு மாலை மரியாதையோடு ஓய்வு. விமானத்துக்குப் பணி ஓய்வு வயது உண்டு. அதில் ஏறியவருக்கு?

இத்தனை தூரம் ஆக்ராவும் சர்கோதாவும் பேசுவானேன், உன் ஊருக்கும் இதற்கும் என்ன என்று கேட்பவர்களுக்காக ஒரு மாதத்தைச் சொல்கிறேன். 2019 பிப்ரவரி. நமக்குப் பக்கத்தில் நடந்தவையும் அதில் இருக்கின்றன.

பிப்ரவரி 1, பெங்களூர் எச்.ஏ.எல். விமான நிலையம். மேம்படுத்தி முடித்த மிராஜ் 2000 ஒன்றை ஏற்றுக்கொள்வதற்கு முன் ஓட்டிப் பார்க்கிறார்கள். ஸ்குவாட்ரன் லீடர்கள் சமீர் அப்ரோல், சித்தார்த்தா நேகி. இந்தத் தடவை இருவருக்கும் சீட் இருந்தது; இருவரும் எஜெக்ட் ஆனார்கள்; இருவரும் செத்தார்கள். அப்ரோலின் சகோதரர் ஆத்திரப்பட்டு ஒரு கவிதை எழுதினார். பழைய இயந்திரத்தைக் கொடுத்துப் போருக்கு அனுப்புகிற அதிகார வர்க்கத்தைத் திட்டி எழுதிய கவிதை. தேசம் முழுக்கப் பகிர்ந்தது, அழுதது, அடுத்த வீடியோவுக்குப் போனது. மனைவி விமானப்படையிலேயே போய்ச் சேர்ந்தார். அதையும் தேசம் பகிர்ந்தது. இதயப் படம் போட்டது.

பிப்ரவரி 14, புல்வாமா. மத்திய ரிசர்வ் போலீஸ்காரர்கள் 40 பேர் போனார்கள். அதே நாள் எங்கள் பக்கத்துக்கு வேறு விதத்திலும் முக்கியம்: காதலர் தினத்துக்கு வெளிநாடு போகிற தாஜ்மஹால் ரோஜா இங்கிருந்துதான் விமானம் ஏறுகிறது. எஞ்சியது மலர்வளையத்துக்கு ஆகும்.

பிப்ரவரி 19, எலகங்காவில் ஏரோ இந்தியா கண்காட்சிக்கு ஒத்திகை. சூரியகிரண் விமானங்கள் இரண்டு மோதி விங் கமாண்டர் சாஹில் காந்தி போனார். மறுநாள் கண்காட்சி தொடங்கியது. விற்க வந்தவர்களும் வாங்க வந்தவர்களும் காத்திருந்தார்கள் அல்லவா?

பிப்ரவரி 25, டெல்லியில் தேசிய போர் நினைவகம் திறப்பு. 25,942 பெயர்கள் கல்லில். நல்ல காரியம், சுதந்திரம் வந்து 71 வருஷத்துக்குப் பிறகாவது நடந்தது. அந்தக் கல்லின் ஈரம் காய்வதற்குள் 26 விடிகாலையில் மிராஜ்கள் பாகிஸ்தானின் பாலாகோட்டுக்குக் குண்டு போடப் போயின. இருபத்தைந்து நாள் முன்பு பெங்களூரில் இருவரை எரித்த அதே ரகம். ஒரே ராத்திரியில் மிராஜ் தேசத்தின் மாப்பிள்ளையாகிவிட்டது. அப்ரோல், நேகி பேர் அந்தக் கல்யாணப் பந்தலில் எங்கேயும் கேட்கவில்லை. அபசகுனம்.

பிப்ரவரி 27தான் உச்சம். அன்று நம் சென்னைக்காரர், போர் விமானி அபிநந்தன், பாகிஸ்தானில் சிறைப்பட்டார். மார்ச் 1 அன்று மீண்டார். தைரியசாலி, வாழட்டும். ஆனால் அவரில் தேசத்துக்குப் பிடித்தது மீசை. பெங்களூர் சலூன்களில் அபிநந்தன் மீசை இலவசமாக வைத்துவிட்டார்கள். சூரத்தில் போர் விமானம் அச்சடித்த சேலை விற்றது. தேர்தல் சுவரொட்டியில் அவர் முகம் ஏறியது; படைவீரர் படத்தைப் பிரசாரத்துக்குப் பயன்படுத்தாதீர்கள் என்று தேர்தல் ஆணையம் மார்ச் 9 அன்று கட்சிகளுக்கு ஞாபகப்படுத்த வேண்டியிருந்தது. அதே 27ஆம் தேதி காலை, காஷ்மீரின் புட்காமில் மி-17 ஹெலிகாப்டர் ஒன்று விழுந்தது. விமானப்படைக்காரர்கள் ஆறு பேர், கீழே இருந்த ஊர்க்காரர் ஒருவர். எப்படி விழுந்தது? விசாரணை நடக்கிறது என்றார்கள். மே மாதம் தேர்தல் முடிந்து, அரசு அமைந்து, தீபாவளி நெருங்குகிற அக்டோபரில் விமானப்படைத் தளபதி பதௌரியா ஒப்புக்கொண்டார்: நம் ஏவுகணைதான், பெரிய தவறு. அவர் சொன்னதற்கு மரியாதை செய்கிறேன். சொல்லாமலே போனவர்கள் நிறைய. ஆனால் அந்த ஆறு பேரில் ஒருவருடைய மீசை எப்படி இருந்தது என்று உங்களுக்குத் தெரியுமா? எனக்கும் தெரியாது. சேலையில் அச்சடிக்கத் தோதான சாவு அல்ல அது.

நம்மூர்க்காரர் செத்தால் மட்டும் வித்தியாசமாக நடந்துகொள்வோமா? இந்த வட்டாரத்துப் பிள்ளை ஒருவன் படையில் செத்த செய்தி வரட்டும். நடுகல் எடுப்பதற்குத் தொல்காப்பியர் ஆறு கட்டம் சொன்னார்: காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுகல், பெரும்படை, வாழ்த்து. மரபைக் கைவிட்டோம் என்று யார் சொன்னது? ஆறையும் அப்படியே வைத்திருக்கிறோம். காட்சி என்றால் டி.வி. வேன்கள், பெற்றவளின் வாய்க்கு அருகில் மைக்கை நீட்டி இப்போது எப்படி உணர்கிறீர்கள் என்று கேட்கிற காட்சி. கால்கோள், பந்தல்காரர் வந்து நட்டுவிடுவார். நீர்ப்படை, வி.ஐ.பி.களுக்குத் தண்ணீர் பாட்டில், பெட்டி பெட்டியாக. நடுகல்லுக்குப் பதில் ஃபிளெக்ஸ். அதில் இறந்தவன் பாஸ்போர்ட் அளவில், அஞ்சலி செலுத்துகிற வட்டம் மாவட்டம் ஆளுயரத்தில். பெரும்படை, கார்கள். வாழ்த்து, ட்விட்டர். இடையில் அதுவரை கேள்விப்படாத சித்தப்பா பெரியப்பாக்கள் முளைப்பார்கள். சாதிச் சங்கத்திலிருந்து இரண்டு பேர் வந்து, பையன் நம்ம ஆளுங்கதானே என்று தாழ்ந்த குரலில் உறுதிப்படுத்திக்கொள்வார்கள். உறுதியானால் இரண்டாவது ஃபிளெக்ஸ். பத்தாம் நாள் காரியம் முடிந்த கையோடு பந்தியில் ஒருத்தர் ஆரம்பிப்பார்: மொத்தமா எவ்வளவு வந்துதாம்? பொண்டாட்டி பேருக்கா, அம்மா பேருக்கா? மருமகளுக்கும் மாமியாருக்கும் அன்று தொடங்குகிற வழக்கு நடுகல்லைவிட நீண்ட நாள் நிற்கும்.

பணத்தைப் பற்றிப் பேசுவது கேவலம் அல்ல. அரசாங்கமே அந்த மொழியில்தான் பேசுகிறது. 2023 அக்டோபர் 7, அத்திப்பள்ளி பட்டாசுக் கிடங்கு. ஜூஜூவாடி தாண்டினால் வருகிற இடம். தீபாவளி சீசனுக்குக் கூலிக்குப் போன தமிழ்நாட்டுப் பையன்கள் கூட்டமாகக் கருகினார்கள். தமிழ்நாடு தலைக்கு 3 லட்சம் அறிவித்தது, கர்நாடகம் 5 லட்சம். எல்லைக்கு அந்தப் பக்கம் பெட்ரோல் விலைதான் வேறு என்று நினைத்திருந்தோம். அதற்குப் பத்து வாரம் முன்பு, ஜூலை 29, கிருஷ்ணகிரி பழையபேட்டையில் பட்டாசுக் கிடங்கு வெடித்து 9 பேர். அவர்கள் போரில் சாகவில்லை என்பீர்கள். குண்டுமருந்துப் பக்கத்தில் நிற்கவைத்துவிட்டுக் கதவை மட்டும் வைக்காமல் விட்டால் அதற்குப் பேர் என்ன?

சிப்காட்டில் காலை ஷிஃப்ட் உள்ளே போகிற நேரம் ஒரு கேட்டருகே நின்று பாருங்கள். எந்தக் கம்பெனி என்று கேட்காதீர்கள், எதுவானாலும் சரி. ஒரே லைன், ஒரே மிஷின். இந்தப் பக்கம் நிற்பவர் பர்மனென்ட், அந்தப் பக்கம் நிற்கிற பையன் கான்ட்ராக்ட். கழுத்துப் பட்டையின் நிறம் மட்டும் வேறு. ஆர்டர் குறைந்தால் பர்மனென்ட்டுக்குப் பேச்சுவார்த்தை, யூனியன், செட்டில்மென்ட். கைப்பிடியை இழுத்தால் எங்கேயாவது கொண்டுபோய் இறக்கும். கான்ட்ராக்ட் பையனுக்கு நாளையிலிருந்து வரவேண்டாம் என்று போனில் ஒரு மெசேஜ். கதவு அந்தப் பக்கம் இருக்கிறது, தம்பி. இவன் கையால்தான் போர் விமானத்துக்கான திருகாணி முடுக்கப்படப்போகிறது. கான்பெராவை வரைந்தவன் ஓசூருக்கு வந்தால் அவனுக்கு எதையும் விளக்க வேண்டியிருக்காது.

குண்டுவீச்சு விமானத்தில் போனவன் எல்லாம் புனிதன் என்றும் நான் சொல்ல வரவில்லை. 1966 மார்ச் 5 அன்று நம் விமானப்படை ஐஸ்வால் நகரத்தின் மேல் குண்டு போட்டது. ஐஸ்வால் பாகிஸ்தானில் இல்லை. மிசோ மலையில், நம் வாக்காளர் பட்டியலில் இருந்தது. கீழே இருந்தவருக்கும் பெயர் இருந்தது. அந்தப் பெயர்களையும் சேர்த்து வெட்டுவதாக இருந்தால் கல் போதாது என்று அதிகாரிகள் கவலைப்பட வேண்டாம். அந்தக் கல்லை எடுக்கிற யோசனை யாருக்கும் வந்ததாகவே தெரியவில்லை.

டெல்லியின் 25,942 பெயர்களுக்கும் எங்கள் பக்கத்து நடுகல்லுக்கும் ஒரு வித்தியாசம் உண்டு. அதைச் சொல்லத்தான் இவ்வளவு சுற்றினேன். தர்மபுரி, கிருஷ்ணகிரி, செங்கம் வட்டாரம் முழுக்க நடுகல். கிருஷ்ணகிரி அரசு அருங்காட்சியகத்துக்குப் போனாலே பார்க்கலாம். டிக்கெட் வாங்கக் கூட்டம் இருக்காது. மாடு பிடிக்கப் போனவன், மாட்டை மீட்கப் போனவன், ஊருக்காக நின்றவன். எழுத்துள்ள கற்கள், எந்த அரசனின் எத்தனையாவது ஆண்டு, இவன் யாருடைய சேவகன், எந்த ஊர் மாட்டுக்காக, யாரோடு மோதிப் பட்டான் என்று சொல்கின்றன. எடுத்தனூரில் முதலாம் மகேந்திரவர்மன் காலத்துக் கல் ஒன்று: கருந்தேவக்கத்தி என்கிற வீரனோடு கோவிவன் என்ற நாயும் நிற்கிறது. கள்வர் இருவரைக் கடித்தது என்று நாயின் செயலும் கல்லில் இருக்கிறது. ஆயிரத்து நானூறு வருஷம் கழித்தும் அந்த நாய் என்ன செய்தது என்று நமக்குத் தெரியும். கபூர் கதவுவரை போனாரா என்று தெரியாது. நேகியும் அப்ரோலும் ஓட்டிய மிராஜில் எது போனது என்று எந்தக் கல்லும் சொல்லவில்லை. தற்கால நினைவகத்தில் பெயரை வெட்டுகிறார்கள், காரணத்தை விட்டுவிடுகிறார்கள். பெயர் யாருக்கும் தொல்லை தராது. காரணத்தை வெட்டினால் பக்கத்திலேயே இன்னும் நாலு பெயர் வெட்ட வேண்டிவரும். அவர்கள் எல்லாம் இன்னும் பென்ஷன் வாங்கிக்கொண்டிருப்பார்கள், அல்லது சிலையாக நிற்பார்கள்.

ஆகவே ஒரு மனு. வருகிற விமான நிலையத்துக்கு யார் பெயர் வைப்பது என்று இப்போதே அடித்துக்கொள்ளப் போகிறீர்கள். தொரப்பள்ளியில் பிறந்த ராஜாஜி பெயரா, வேறு பெயரா என்று உண்ணாவிரதம் வரைக்கும் போகும். போகட்டும், அந்த வம்புக்கு நான் வரவில்லை. ஒரு கல் மட்டும் வைக்கவேண்டும். கல்லுக்கு எங்கும் அலைய வேண்டாம். கிருஷ்ணகிரியில் மலையையே அறுத்துக் கப்பலேற்றுகிறோம். ஐரோப்பாவில் யார் யாருக்கோ கல்லறைக் கல்லாகப் போய் நிற்பதில் இந்தப் பக்கத்து கிரானைட்டும் உண்டு. ஊரான் தாத்தாவுக்குப் பாலிஷ் போட்டு அனுப்பியது போக ஒரு துண்டு மிஞ்சாதா? வாசகமும் எழுதிவைத்திருக்கிறேன். பழைய கல்வெட்டு நடை. தொல்லியல் துறை திருத்திக்கொள்ளலாம்:

ஸ்வஸ்திஸ்ரீ. 1965ஆம் ஆண்டு செப்டம்பர் 21 இரவு, லால் பகதூர் சாஸ்திரி பிரதமராகவும் யஷ்வந்த்ராவ் சவான் பாதுகாப்பு அமைச்சராகவும் இருக்க, போர்நிறுத்தத் தீர்மானம் போட்ட மறுநாள், சர்கோதாமேற் சென்ற கான்பெரா எரிந்து வீழ, இருவருக்கு ஒரு சீட் வைத்து வாங்கினமையால், சீட் இல்லாத நேவிகேட்டர் கபூர் பட்டான் கல். இக்கல்லை மறைத்துப் பேனர் கட்டுவான், கங்கைக் கரையிற் காராம்பசுவைக் கொன்றான் பாவம் கொள்வான்.

எழுத்து வெட்டுகிறவர் கூலியை நானே கொடுத்துவிடுகிறேன். எம்.எல்.ஏ. படம் வைக்க ஓரத்தில் இடம் விடவில்லை என்பதால் மாநகராட்சி நிர்வாகத்தில் ஃபைல் கொஞ்ச நாள் கிடக்கும் என்று மட்டும் சொன்னார்கள்.